மூன்று மாத அரிப்பும் மல்லாங்கிணற்றுத் தம்பியும்

1

நாங்கள் மெல்போர்னுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த அன்று என் கணவர் குமார் ஒரு கேக் வாங்கி வந்தார். ஒன்பது வயது மகள் கயல் அதில் ஐந்து மெழுகுவத்தி நட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரில் கிருமிநாசினி லோஷனை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தேன். காயம் கழுவுவோமே, தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்குமே, அது. ஒரு வாளிக்கு ஒரு மூடி என்று பாட்டிலில் போட்டிருந்தது. நான் நாலு மூடி ஊற்றினேன். எனக்கு வந்திருந்தது பெரிய நோய் அல்லவா.

என்ன நோய் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சப்படும் இடத்தில் அரிப்பு. கூடவே தயிர் திரிந்த மாதிரி வெள்ளைபடுதல். மூன்று மாதமாக. இதைப் படிக்கும் ஆண்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். புரட்ட மாட்டீர்கள் என்று தெரியும், இருங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவள் எழுதினால் கங்காருவைப் பற்றி எழுது என்கிறார்கள். ஐந்து வருடத்தில் கங்காருவை நான் இரண்டு முறைதான் பார்த்தேன். அரிப்பைத் தினமும் பார்த்தேன். தெரிந்ததைத்தானே எழுத முடியும்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது எனக்கு உயிரே கையில் இல்லை. காரணம் என் பெரியம்மா. அவளுக்கும் ‘வெள்ளைபடுது’ என்றுதான் ஆரம்பித்தது. சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், இளநீர் குடித்தாள், வாரம் இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். இரண்டு வருடம் கழித்து மதுரைக்குக் கூட்டிப்போனபோது கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை. அதனால் முதல் வாரம் அரித்தபோது எனக்கு அரிப்பு தெரியவில்லை, பெரியம்மாவின் முகம்தான் தெரிந்தது. முப்பத்து மூன்று வயதில், ஒரு பெண்பிள்ளையை அந்நிய தேசத்தில் விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

2

முதலில் மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டரில் தாடி வைத்த ஓர் ஆள். அரிப்புக்கு மருந்து வேண்டும் என்றேன். எங்கே அரிப்பு என்று கேட்டார். நம் ஊரில் எந்த மருந்துக்கடைக்காரர் இப்படிக் கேட்கிறார்? சீட்டில் எழுதிக் கொடுத்தால் காகிதப் பையில் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார். இந்த ஆள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முழங்கையைக் காட்டினேன்.

அவர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணாடியை மாட்டி என் வலது முழங்கையைப் பார்த்தார். பிறகு இடது முழங்கை. ஒன்றும் இல்லையே என்றார். வரும், போகும் என்றேன். கடைசியில் பூச்சிக்கடிக்குப் போடும் ஒரு களிம்பு கொடுத்தார். அதை வீட்டில் போய் முழங்கையில் போடாமல், அரித்த இடத்தில் போட்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை விவரமாக எழுத வேண்டாம். பிரிட்ஜில் உறையவைத்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று வைப்பதாகச் சொல்லியிருந்த பட்டாணிக் குருமாவை வைக்கவில்லை.

அடுத்து கம்ப்யூட்டர். கயல் பள்ளிக்கூடம் போனதும் உட்கார்ந்தால், அவள் திரும்பி வரும் வரை அதன் முன்னால்தான். ஒரு பக்கத்தில் சாதாரணம் என்று போட்டிருந்தால் அதை நம்ப மாட்டேன். அடுத்த பக்கத்தில் ‘அபூர்வமாக’ என்று ஒரு வார்த்தை இருந்தால் அது எனக்காகவே எழுதியது என்று பிடித்துக்கொள்வேன். புதன்கிழமைக்குள் எனக்கு ஆறு நோய்கள். அதில் இரண்டு ஆண்களுக்கு மட்டும் வருவது.

ஒரு பக்கத்தில், இது கணவன் வழியாகவும் வரலாம், அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்று இருந்தது. குமார் ஆமத்தூர்க்காரர். சிவகாசி அச்சகத்தில் ஆப்செட் மெஷின் மெக்கானிக்காக இருந்து, அந்த வேலையை வைத்தே இங்கே வந்தவர். மெஷினைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்காதவர். ஆனாலும் பக்கத்தில் போட்டிருக்கிறதே. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன்.

“என்னங்க, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்.”

“கேளு.”

“வேலை முடிஞ்சு நீங்க வேற எங்கனயும் போறீகளா?”

அவர் கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. “ஒனக்கு யாரு சொன்னா?”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “அப்ப போறீக!”

“சனிக்கிழமை மட்டுந்தான் செல்வி. ஓவர்டைமுன்னு சொன்னது பொய்தான். ஒரு கெழவரு வீட்டு ஷெட்டுல பழைய டிரெடில் மெஷின் ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடக்கு. கால்ல மிதிச்சு ஓட்டுற காலத்து மெஷின். பாத்ததும் மனசு கேக்கல. ஓட வச்சுத் தாரேன்னுட்டேன். நீ வைவேன்னுதான் சொல்லல.”

கெட்டுப்போவது என்றாலும் மெஷினோடுதான் கெட்டுப்போவார். அவர்மேல் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் சந்தேகம் தீர்ந்த அளவுக்குப் புற்றுநோய் உறுதியானது.

மறுநாள் ஒரு நோட்டில், நான் போன பிறகு அவர் செய்ய வேண்டியவை என்று எழுத ஆரம்பித்தேன். கயல் தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்ட வேண்டும், சளி பிடிக்கும். சீஸ் வேண்டாம் என்பாள், வைத்தால் சாப்பிடுவாள். அரிசி தீர்வதற்கு முன்பே வாங்க வேண்டும், தீர்ந்த பிறகு அல்ல. ஏழாவதாக, நீங்கள் இன்னொரு கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. எட்டாவதாக, ஆனால் உங்கள் அக்கா மகளை மட்டும் வேண்டாம். எனக்கு முன்னால் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் அவள். இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் அழுதேன். ஏழாவதற்காக இல்லை, எட்டாவதற்காக.

3

விஷயம் கயல் மூலமாகத்தான் வெளியே வந்தது. கம்ப்யூட்டரில் நான் மூட மறந்த பக்கத்தை அவள் படித்திருக்கிறாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் நின்றுகொண்டு, “அம்மா, உனக்கு அங்கே அரிக்குதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ‘அங்கே’ என்று அவள் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் பெயரைச் சொன்னாள். நல்ல சத்தமாக, உச்சரிப்பு சுத்தமாக. முன்னால் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தன் முட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

“ஏட்டி, வாய மூடு.”

“இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று டீச்சர் சொன்னார்கள்” என்றாள், அதையும் ஆங்கிலத்திலேயே.

இந்தப் பிள்ளைக்கு வெம்பக்கோட்டையில் இருக்கும் ஆச்சியிடம், என் அம்மாவிடம், நாலு வார்த்தை தமிழில் பேச வராது. ஆனால் இதைப் பேச வருகிறது. ஐந்து வருடத்தில் இவள் எங்கோ போய்விட்டாள் என்று கோபம் வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது. எனக்கு ஒன்பது வயதில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. இப்போதும் தமிழில் சொல்லத் தெரிந்த ஒரே பெயர் சண்டையில் திட்டுவது.

வீட்டுக்கு வந்ததும் கிளினிக்குக்கு நம்பர் போட்டு, போனை என் கையில் திணித்தவளும் அவள்தான். எதற்காக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் இருந்த பெண் கேட்டார். பொது என்றேன். பொது என்றால் என்ன என்றார். பொதுவாக என்றேன். பிறந்த தேதி, அரசாங்க மருத்துவ அட்டை எண், அட்டையில் என் பெயருக்கு முன்னால் இருக்கும் சிறிய எண், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு ஆள், அவருக்கு நான் என்ன உறவு. நான் கேட்டதற்கெல்லாம் தப்பும் தவறுமாகச் சொல்வதைக் கண்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். இங்கே டாக்டர் அறையில் போனை வைத்து, வேறு ஊரில் இருக்கும் யாரோ ஒருவர் நம் பேச்சை மாற்றிச் சொல்லும் ஏற்பாடு உண்டு. முகம் தெரியாத ஒரு பொம்பளை, எங்கோ சிட்னியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சரி சொன்னேன். பொம்பளை என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டுக்கொள்ளவில்லை.

4

டாக்டர் நரைத்த தலையுள்ள பெண்மணி. நாற்காலியைக் காட்டினார். மேஜையில் இருந்த போனில் பொத்தானை அமுக்கினார். அறை முழுக்க ஒரு ஆண் குரல் கேட்டது.

“வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர்.” தன் எண்ணைச் சொன்னார். “தாங்கள் இங்குக் கூறும் அனைத்தும் இரகசியமாகப் பாதுகாக்கப்படும். தங்களுக்கு என்ன உபாதை என்று மருத்துவர் வினவுகிறார்.”

வானொலியில் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். டாக்டர் அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டு, நானும் செய்தி வாசித்தேன்.

“எனக்கு அரிப்பு ஏற்பட்டுள்ளது.”

“எவ்விடத்தில் என்று மருத்துவர் கேட்கிறார்.”

“கீழ்ப்பகுதியில்.”

அவர் ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் குனிந்து என் செருப்பைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

“பாதத்திலா என்று கேட்கிறார்.”

“அம்புட்டுக் கீழ இல்லங்க” என்றேன். பதற்றத்தில் என் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

அதை அவர் டாக்டரிடம் மாற்றிச் சொல்லவில்லை. பிறகு அதே ஆள், ஆனால் வேறு குரலில், மெதுவாகக் கேட்டார்.

“அக்கா... நீங்க விருதுநகர்ப் பக்கமா?”

மெல்போர்னில், டாக்டர் அறையில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்க, ஊர்க்காரன் வந்து அக்கா என்கிறான். என் சங்கடத்தைச் சொல்லி முடியாது. அக்கா என்று கூப்பிட்டவனிடம் எப்படி இதைப் பேசுவது? கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

“வெம்பக்கோட்டை” என்றேன், வாய் தானாக.

“நான் மல்லாங்கிணறுக்கா. இதெல்லாம் நான் கேக்கவே கூடாது. ரூல்ஸ்ல எடமில்ல. வாய் தவறிருச்சு.” டாக்டர் என்ன பேச்சு என்று கேட்க, அவன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். பிறகு என்னிடம், “அக்கா, பைய எடுத்துட்டீகன்னு சத்தத்துலயே தெரியுது. போயிராதீக. என்னையத் தம்பின்னு நினைச்சா ஒங்களால சொல்ல முடியாது. ஆம்பளைன்னும் நினைக்காதீக. நான் வெறும் போனு. மேசையில இருக்குல்ல, அம்புட்டுத்தான் நான்.”

நான் போனைப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில், ஒரு ஓரத்தில் காப்பிக் கறையோடு இருந்தது. அதனிடம் சொன்னேன். மூன்று மாதம், தயிர், முழங்கைக் களிம்பு, பட்டாணி வரைக்கும் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவன் ஆங்கிலத்தில் நிதானமாக, ஒரு இடத்திலும் தொண்டையைச் செருமாமல் சொன்னான். பட்டாணியின்போது மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டான்.

“இன்னும் எதுவும் பயம் இருக்கான்னு டாக்டர் கேக்காகக்கா.”

“எங்க பெரியம்மா இப்படித்தான் செத்தாக. புத்துநோயான்னு கேளு தம்பி. எனக்கு ஒரே ஒரு பிள்ளை.” தம்பி என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவன் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது என்னைவிட மெதுவாகச் சொன்னான். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, என்னைத் திரைக்குப் பின்னால் வரச் சொன்னார். போவதற்கு முன் அந்தப் போனைப் பார்த்து விரலைக் காட்டினேன். டாக்டருக்குப் புரிந்தது. அதன் மேல் ஒரு தடிமனான புத்தகத்தை வைத்தார். போதவில்லை என்று நான் தலையாட்டியதால், தன் கோட்டையும் கழற்றி மேலே போட்டார்.

பரிசோதனை முடிந்து, கோட்டையும் புத்தகத்தையும் எடுத்த பிறகு அவன் மறுபடி வந்தான்.

“அக்கா, புத்துநோய் மாதிரி ஒண்ணும் தெரியலையாம். சந்தேகம் இருக்கக் கூடாதுன்னு டெஸ்டுக்கு எடுத்திருக்காக, சுகருக்கும் ரத்தம் எடுப்பாக. இது வந்து... பூசணமாம்.”

“பூசணமா?”

“ஆமாக்கா. பொம்பளைகளுக்கு ரொம்பச் சாதாரணமா வாறதாம்.”

மூன்று மாதம் சாவுக்குத் தயாராகி, கல்யாண விஷயம் வரை எழுதி வைத்தவளிடம், உனக்கு வந்திருப்பது ஊறுகாய்க்கு வரும் நோய் என்றால் எப்படி இருக்கும்? சந்தோஷத்தோடு கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

பிறகு டாக்டர் கேட்டார், எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று. துணி சோப்பு, பீர்க்கங்காய் நார், லோஷன் நாலு மூடி, ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றேன். பெருமையாகவே சொன்னேன். என் சுத்தத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. தம்பி அதை மொழிபெயர்த்ததும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி கேட்கக் கூடாததை மறுபடியும் கேட்டான்.

“அக்கா, ஒங்க அம்மா பயர் ஆபீஸா?”

பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆமாம் என்றேன். “எங்கம்மாவும்தான்” என்றான். பிறகு டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

அம்மா சாயங்காலம் பயர் ஆபீஸ் வேனில் வந்து இறங்கும்போது, கை, கழுத்து, காது மடல் எல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளிச் சாமான் மாதிரி மின்னும். கிட்டே வராதே என்று என்னை விரட்டிவிட்டு நேரே குளிக்கிற தட்டி மறைப்புக்குள் போவாள். துணி சோப்பை எடுத்து, நாரை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தால் தோல் சிவந்து எரியும் வரை தேய்ப்பாள். சேலைக்குள் போகும் பொடி எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம். வெடிமருந்து ஒட்டின உடம்போடு அடுப்புப் பக்கம் போகக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது. எரிந்தால்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். எனக்கும் அப்படியே தேய்த்துவிடுவாள். நான் பயர் ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் எரியும் வரை குளிப்பதுதான் குளிப்பது என்று நான் அந்தத் தட்டிக்குள் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் குளித்தார்கள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். தம்பி அதைத் தமிழில் சொன்னான்.

“நீங்க அந்த வேலை பாத்ததே இல்லைன்னா, இத்தனை வருசமா எதைக் கழுவுறீகன்னு கேக்காகக்கா.”

தம்பியும் இங்கே வந்த பிறகு இரண்டு வருடம் அப்படித்தான் தேய்த்தானாம், அவனாகவே சொன்னான்.

மருந்தை எப்படி வைப்பது என்பதை டாக்டர் ஒரு படத்தில் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நானும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும், சோப்பும் லோஷனும் கூடவே கூடாது என்பதை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னான். “வாறேன்கா, ஒடம்பப் பாத்துக்கோங்க” என்று வைத்துவிட்டான். அவன் பெயர் எனக்குத் தெரியாது, சொல்லவும் கூடாதாம்.

5

நோயைவிட மருத்துவம் கஷ்டமாக இருந்தது. மாத்திரை, களிம்பு எல்லாம் சுலபம். சோப்பு போடாமல் வெளியே வருவதுதான் முடியவில்லை. முதல் நாள் குளித்துவிட்டு வந்து, குளிக்காதவள் மாதிரி அடுப்பைத் தொடப் பயந்துகொண்டு நின்றேன். இரண்டாம் நாள் சோப்பைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தேன். லோஷன் பாட்டிலைக் குமாரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். குடிகாரர்கள் வீட்டில் பாட்டிலை ஒளித்து வைப்பார்கள், எங்கள் வீட்டில் இதை.

ஐந்தாம் நாள் எழுந்தபோது எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. பல் விளக்கும்போதுதான் உறைத்தது, அரிக்கவில்லை. பத்து நாளில் டெஸ்ட் முடிவு வந்தது. சுகர் இல்லை, வேறு எதுவும் இல்லை. கிளினிக்கில் இருந்து போனில் சொன்னபோது நான் அழுத அழுகையில், கெட்ட செய்தி என்று நினைத்துக் கயலும் அழுதாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகு, ‘அங்கே’ சரியாகிவிட்டதா என்று பாடப்புத்தகப் பெயரைச் சொல்லிக் கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன். இந்தத் தடவை நான் வாயை மூடு என்று சொல்லவில்லை.

நோட்டைக் கிழித்துப் போட மறந்துவிட்டேன். குமார் எடுத்துப் படித்திருக்கிறார். பிறகு ஒரு நாள் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், வீட்டில் பாதி மூட்டை இருக்கும்போதே. “தீருறதுக்கு முன்னாலயே வாங்கணும்ல” என்றார். அக்கா மகளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மாவிடம் அந்த வருடம்தான் செல்போன் வந்திருந்தது. இப்போதுதான் ஆபத்து போய்விட்டதே என்று நடந்ததை எல்லாம் கதையாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“இதுக்கா டாக்டருகிட்டப் போன? எல்லாத்துக்கும் இருக்கறதுதான” என்றாள்.

“எல்லாத்துக்கும்னா?”

“சூடுத்தா. பொம்பளைன்னா இருக்கும்.”

“ஒனக்கு இருக்கா?”

“சோறு பொங்கிட்டியா?”

“அம்மா, ஒனக்கு இருக்கா?”

“கயலு என்ன செய்றா?”

என் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியம்மாவும் இதே பேச்சுத்தான் பேசினாள். இதே மாதிரிதான் சோற்றைப் பற்றிக் கேட்டாள். மூன்று மாதம் நான் பயந்த பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. எனக்குச் சாவு வரும் என்று பயந்ததில் ஒரு நடிப்பு இருந்தது. இதில் இல்லை.

மூன்று ஞாயிறு சண்டை போட்டேன். சீசன், ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது, ஒரு நாள் லீவு போட்டால் போர்மேன் வைவான் என்றாள். தீபாவளி முடியட்டும் என்றாள். தீபாவளி முடிந்து பயர் ஆபீஸைச் சில வாரத்துக்கு மூடிவிட்டார்கள், அவளுக்குச் சாக்கு இல்லை. அப்போது உண்மையைச் சொன்னாள்.

“நான் போயிருவேன். போயி என்னன்னு சொல்ல? எனக்கு வாய் வராதுத்தா.”

“லேடி டாக்டருதான?”

“லேடின்னா? அவுக படிச்சவுக. அவுககிட்டப் போயி அந்தப் பேச்சப் பேசுவாகளா?”

“சரி, என்கிட்டச் சொல்லு. நான் அவுககிட்டச் சொல்றேன். போன எடுத்துட்டுப் போ.”

இப்படித்தான், நவம்பர் மாதத்து ஒரு நாள் மத்தியானம், மெல்போர்னில் என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சிவகாசியில் டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். தமிழில் இருந்து தமிழுக்கு. அம்மா என் காதில் முணுமுணுப்பாள். போன் கை மாறும். நான் டாக்டரிடம் சொல்வேன். டாக்டர் என்னிடம் கேட்பார். போன் மறுபடி கை மாறும். இருவருக்கும் நடுவில் ஒரு மேஜை.

“உங்கம்மா நல்லாத்தானே தமிழ் பேசுறாங்க?” என்று டாக்டர் சிரித்தார்.

“நல்லாப் பேசுவாக டாக்டர். இத மட்டும் பேச மாட்டாக.”

“எத்தனை வருசமா இருக்குன்னு கேளுங்க.”

கேட்டேன். அம்மா வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

“நீ ஆறாப்புப் படிக்கும்போது என்னைய மருந்து கலக்குற ரூமுக்கு மாத்துனாக பாரு. அதுல இருந்து.”

நான் ஆறாம் வகுப்பு படித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதை டாக்டரிடம் சொல்ல என் குரல் வரவில்லை. போன் என்று நினைத்துக்கொள்ளச் சொன்ன தம்பியும் மனுஷன்தானே, அவனுக்கு எப்படிக் குரல் வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. எப்படியோ சொன்னேன்.

டாக்டர் உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார். பூசணம்தான், கூடவே சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண் என்றார். பயப்படும்படி ஒன்றும் கண்ணில் படவில்லை, இருந்தாலும் டெஸ்டுக்கு அனுப்புகிறேன் என்றார். அது பிறகு நல்லபடியாகவே வந்தது. சோப்பு போடக் கூடாது என்று சொன்னால் அம்மா கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பொடி அப்பிக்கொண்டு வருகிற உடம்புக்கு வெறும் தண்ணீர் போதாதே என்று நானே டாக்டரிடம் வாதாடினேன். கை, கழுத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், அங்கே மட்டும் வேண்டாம், வேலைக்குப் போகும்போது உள்ளே நல்ல பருத்தித் துணியாகப் போட்டுக்கொள்ளட்டும், பொடி அவ்வளவாகப் போகாது என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. டாக்டருக்கு நன்றி சொல்லி, வைக்கப் போனேன்.

“வச்சிராதத்தா” என்றாள் அம்மா. “வெளிய ஏழு பேரு ஒக்காந்திருக்காக.”

“யாரு?”

“எங்க ரூமு ஆளுகதான். நீ பேசுவேன்னு சொன்னேன். ஆபீஸ் வேன் டிரைவருகிட்டச் சொல்லி ஒண்ணா வந்துட்டோம்.”

முதலில் வந்தது எங்கள் தெரு மாரியம்மாச் சித்தி. இங்கே வந்த நாளாக அவள் குரலை நான் கேட்டதில்லை. “ஏத்தா செல்வி, நல்லாருக்கியா? மாப்பிள்ளை நல்லாருக்காகளா? பிள்ளை என்ன படிக்கா?” எல்லாம் விசாரித்துவிட்டுக் குரலை இறக்கினாள். நான் கேட்டு, டாக்டரிடம் சொன்னேன். அடுத்தவளும் முதலில் என் வீட்டு நலம்தான் கேட்டாள். அதற்கு அடுத்தவளும். பன்னிரண்டு வருடம், ஒன்பது வருடம், ‘எங்க தெரியுது, ரொம்ப நாளா’. டாக்டர் சிரிப்பதை நிறுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஏழாவதாக வந்தவள் போனை வாங்கி ஒன்றுமே பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“யாரு?” என்றேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“சொல்லுங்க சித்தி, நான் செல்விதான்.”

“நீ ஒண்ணும் கேக்காதத்தா” என்றாள், அழுகிற குரலில். “இவளுகளுக்கு என்ன சொன்னியோ அதையே எனக்கும் சொல்லிரு.”

போன் கை மாறியது. டாக்டர் என்ன என்று கேட்டார். அந்த ஆறு பேருக்குச் சொன்னதையே நான் சொன்னேன்.